வீட்டு முன்றிலில் புல்தரை

"அந்த வீட்டு வாசலில் புல் முளைத்துவிட்டது" என்று நம் மக்கள் கூறினால், அவ்வீடு பாழாயிற்று, அங்கு விளக்கேற்ற ஆளில்லை என்பது பொருள். விடியலில் எழுந்து வாசல் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிடுவதே குடித்தனத்துக்கு அழகு என்று நம் முன்னோர் கருதினர். தோட்டத்திலோ புல் என்பது வேலை. வெட்டினால் கூலி, விட்டால் ஏச்சு. ஆகவே, வீட்டைச் சுற்றிலும் ஒரு புல்லும் இல்லாதவாறு மண்ணை வழித்து வைப்பதையே தூய்மை என நாம் நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளோம்.

இந்த எண்ணத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். காட்டுப்புல் வேறு, பேணி வளர்க்கும் புல்தரை வேறு. வெப்பமும் மழையும் மிகுந்த கரையோரப் பகுதியில் வாழும் நமக்குப் புல்தரை அலங்காரம் மட்டுமன்று. வீட்டின் மண்ணைக் காக்கும் காவலும் ஆகும். அதனைப் பேணுவதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. முறை அறிந்து செய்தால், வாரத்தில் ஓரிரு மணி நேர உழைப்பே போதும்.

இரு வீடுகள்

கரையோரத் தோட்டம் ஒன்றில் அடுத்தடுத்து அமைந்த இரு வீடுகளை நாம் கண்டோம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே அளவில் கட்டப்பட்டவை. முதல் வீட்டின் முற்றம் நாள்தோறும் பெருக்கப்பட்டுக் கண்ணாடிபோல் இருந்தது. ஆனால், கூரை நீர் விழும் இடத்தில் மண் அரித்து, சுவரின் அடிக்கல் வெளியே தெரிந்தது. வாசற்படியின் கீழே கை நுழையும் அளவிற்குப் பள்ளம் விழுந்திருந்தது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. சுவரில் முழங்கால் உயரத்திற்குச் செம்மண் தெறித்திருந்தது.

இரண்டாம் வீட்டின் முன்றிலில் மூன்று விரல் உயரத்திற்குப் புல் பரவியிருந்தது. கூரை நீர் விழும் இடத்தில் சரளைக் கற்கள் இட்டிருந்தனர். வாசலை ஒட்டி ஒரு சிறு சிமெண்டுத் தளம், அதன்மேல் கோலம். அந்த வீட்டில் அடிக்கல் தெரியவில்லை. சுவரில் சேறும் இல்லை. இரு குடும்பங்களும் உழைப்பில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. உண்மையில், முதல் வீட்டார் நாள்தோறும் பெருக்கியதால் அதிகமாகவே உழைத்தனர். துடைப்பம் பட்டுப் பட்டுத் தளர்ந்த மேல்மண்ணை ஒவ்வொரு மழையும் கால்வாய்க்குக் கொண்டு சென்றது. வேறுபாடு அவ்வளவே.

மழையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் மழை என்றால், 1 சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் நீர் விழுகிறது என்று பொருள். 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள முன்றிலின் பரப்பு 18 சதுர மீட்டர். ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால், அம்முன்றிலில் மட்டும் 900 லிட்டர் நீர் விழும். இத்தகைய மழை நம் நாட்டில் அரிதன்று. வெறும் மண்ணில் அந்நீர் துளித்துளியாக மோதி மண்ணை உடைத்து ஓடுகிறது. புல்லின் இலை அம்மோதலைத் தாங்குகிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நீர் மெல்லக் கீழே இறங்குகிறது.

தோட்டம் கற்பித்த பாடம்

இது நமக்குப் புதிய பாடம் அன்று. இந்நாட்டில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் நில்லாமல் வெட்டிச் சுத்தம் செய்வதே சிறந்த முறை என்று துரைமார் நம்பினர். நம் பாட்டனாரும் பாட்டியாரும் அவ்வேலையில் முதுகு ஒடிந்தனர். அதன் விளைவாகக் குன்றுகளின் மேல்மண் மழையில் கரைந்து ஆறுகளில் சேர்ந்தது. மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. பின்னர், மண்ணை மூடி வைக்க வேண்டும் என்ற உண்மை உணரப்பட்டது. 1925 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் மண்மூடிக் கொடிகளைப் பற்றி ஆராய்ந்தது. பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகிய அவரையினக் கொடிகளை இளங்கன்றுகளுக்கிடையே படரவிடும் முறை தோட்டங்களில் நிலைபெற்றது. இக்கொடிகள் மண்ணை அரிப்பினின்று காப்பதோடு, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிலும் சேர்க்கின்றன.

தோட்டத்து மண்ணை மூடி வைக்கக் கற்றுக்கொண்ட நாம், வீட்டு மண்ணை மட்டும் திறந்து போட்டிருக்கிறோம். லயத்து வீடாயினும், தோட்டம் கைமாறிய பின் குடியேறிய சிறு வீடாயினும், வாசலுக்கு முன்னுள்ள மண் நம் பொறுப்பில் உள்ள மண்ணே ஆகும்.

நம் மண்ணை அறிவோம்

புல் நடுவதற்குமுன் மண்ணின் தன்மையை அறிதல் வேண்டும். கரையோரப் பகுதிகளில் பெரும்பாலும் இருவகை மண்ணைக் காணலாம்.

முதலாவது, களிமண். கிள்ளான், பந்திங், கோலசிலாங்கூர், பாகான் டத்தோ முதலிய மேற்குக் கரைப் பகுதிகளில் இதுவே மிகுதி. இம்மண்ணில் சத்து உண்டு. ஆனால் நீர் எளிதில் வடிவதில்லை. மிதித்தால் இறுகிவிடும். மேலும், இதன் அடியில் சில இடங்களில் இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட் என்னும் கனிமம் உள்ளது. நீரில் மூழ்கியிருக்கும் வரை அதனால் தீங்கில்லை. கால்வாய் தோண்டும்போது மேலே வந்து காற்றுப் பட்டால், அது கந்தக அமிலமாக மாறி மண்ணைப் புளிக்கச் செய்கிறது. வைக்கோல் நிறத்தில் மஞ்சள் படிந்த களிமண்ணைக் கண்டால், அதனை முன்றிலில் பரப்பலாகாது. "கால்வாய் மண் இலவசமாகக் கிடைத்தது" என்று கொண்டுவந்து கொட்டி, இருந்த புல்லையும் இழந்தோர் உண்டு.

இரண்டாவது, மணல். கிழக்குக் கரை நெடுகிலும், கடலை ஒட்டிய பிற இடங்களிலும் இதனைக் காணலாம். இதில் நீர் விரைவில் வடிந்துவிடும். நீரோடு உரமும் இறங்கிவிடும். இத்தகைய மண்ணுக்கு மக்கிய தழை உரமே மருந்து. கடற்காற்று கொண்டுவரும் உப்பைக் குறித்து அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. மழை மிகுந்த நம் நாட்டில், நீர் நன்கு வடியும் இடமாக இருந்தால், அவ்வுப்பை மழையே கழுவிவிடும்.

எந்தப் புல் ஏற்றது?

நாற்றுப் பண்ணைகளில் பலவகைப் புற்கள் கிடைக்கின்றன. நம் வீடுகளுக்கு மூன்று வகைகளைக் குறிப்பிடலாம்.

மாட்டுப்புல்: "கவ் கிராஸ்" என்று விற்கப்படும் அகன்ற இலைப் புல் இதுவே. சாலையோரங்களிலும் பள்ளித் திடல்களிலும் நாம் அன்றாடம் காண்பது. களிமண்ணிலும் புளித்த மண்ணிலும் ஓரளவு நிழலிலும் வளரும். விலையும் குறைவு. முதன்முறை புல்தரை அமைப்போருக்கு இதுவே ஏற்றது.

அறுகம்புல்: பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகுதான். மணமக்களை "அறுகுபோல் வேரோடி" வாழ்க என்று வாழ்த்துகிறோம் அல்லவா? அவ்வாழ்த்தின் பொருளை இதன் வேரைத் தோண்டிப் பார்த்தவர் அறிவர். வெயிலையும் வறட்சியையும் உப்பையும் தாங்கும், மிதித்தாலும் மீளும். நிழலை மட்டும் தாங்காது. மரத்தடியில் நட்டால் மெலிந்து மறையும்.

மணிலாப் புல்: இதனைச் சிக்லாப் புல் என்றும் அழைப்பர். இயல்பாகவே கடற்கரையில் வளரக்கூடியது. இலை மெல்லியது, நெருக்கமாகப் படரும், மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு. ஆனால் பரவி மூடுவதற்கு நீண்ட நாள் ஆகும். விலையும் சற்று அதிகம்.

ரம்புத்தான், மா போன்ற மரங்களின் அடர்ந்த நிழலில் எந்தப் புல்லும் செழிக்காது. அவ்விடத்தில் ஆண்டுதோறும் புல் நட்டுப் பணத்தை இழப்பதைவிட, சரளைக் கல் இடுவதோ, நிழலைத் தாங்கும் பாண்டான் போன்ற செடிகளை நடுவதோ அறிவுடைமை.

நடும் முறை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்துப் பருவத்தை ஒட்டிய பழமொழி. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. அம்மழை தொடங்கும் வேளையே புல் நடுவதற்கு ஏற்ற பருவம். கிழக்குக் கரையில் உள்ளோர், நவம்பர் முதல் சனவரி வரையிலான பெருமழையில் நடாமல், அது ஓய்ந்த பின் நடுதல் நன்று.

நாம் முன்னர்க் கூறிய 18 சதுர மீட்டர் முன்றிலையே எடுத்துக்கொள்வோம்.

1. கற்கள், கண்ணாடித் துண்டுகள், கம்பிகள் ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றுக. லாலான், கோரை ஆகியவற்றை வேரோடும் கிழங்கோடும் தோண்டி எடுக்க.

2. மண்ணை ஒரு சாண் ஆழத்திற்குக் கொத்துக. அதற்கு மேல் ஆழம் வேண்டா. அடிக்களிமண்ணை மேலே கொணர்தல் கூடாது.

3. வீட்டுச் சுவரிலிருந்து கால்வாயை நோக்கி, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு இருக்குமாறு மண்ணைச் சமன் செய்க. 3 மீட்டர் தொலைவுக்கு 6 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் நீர் தேங்காது. இச்சரிவைக் கயிறு கட்டிப் பார்த்துச் சரி செய்யலாம்.

4. மண் புளித்திருந்தால், மெக்னீசியச் சுண்ணாம்புத் தூளைச் சதுர மீட்டருக்கு 150 கிராம் வீதம் தூவிக் கலக்குக. 18 சதுர மீட்டருக்கு 2.7 கிலோ போதும். இரு வாரங்கள் கழித்து மக்கிய தழை உரத்தை இட்டு மீண்டும் கொத்துக.

5. புல் பத்தைகளைப் பதிக்க. 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள பத்தைகளாயின், முழுவதும் மூட 200 பத்தைகள் தேவை. செலவைக் குறைக்க விரும்புவோர், சதுரங்கப் பலகையைப் போல ஓர் இடம் விட்டு ஓர் இடத்தில் பதித்தால் 100 பத்தைகள் போதும். இடைவெளிகளைப் புல்லே படர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை இடையில் முளைக்கும் களைகளை மட்டும் கையால் பிடுங்கி வருதல் வேண்டும்.

6. பத்தையை மிதித்து மண்ணோடு ஒட்டச் செய்க. மழை இல்லாத நாட்களில், முதல் இரு வாரங்களுக்கு நாள்தோறும் நீர் ஊற்றுக.

கோலமிடும் வாசலைப் புல்லுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. படியை ஒட்டி ஒரு சிறு தளத்தை ஒதுக்கிவிட்டால் கோலமும் நிலைக்கும், புல்லும் நிலைக்கும். நடந்து செல்லும் பாதையில் பலகைக் கல் பதிப்பதும், மோட்டார் சைக்கிள் நிறுத்துவதற்கு ஒரே இடத்தை வகுத்துக்கொள்வதும் நன்று.

வெட்டும் முறையே உயிர்நிலை

புல்தரை கெடுவதற்கு முதற்காரணம் உரக் குறைவன்று. நீர்க் குறைவும் அன்று. அடியோடு வெட்டுவதே ஆகும். இப்பழக்கம் தோட்ட வேலையிலிருந்து நம் கைக்கு வந்தது. அங்கே புல்லை அழிப்பதற்காக வெட்டினோம். ஆகவே மண்ணை ஒட்டி வெட்டினோம். இங்கே புல்லை வாழ்விப்பதற்காக வெட்டுகிறோம். ஆகவே கை மாற வேண்டும்.

பால்வெட்டுத் தொழிலாளருக்கு இதனை எளிதில் விளக்கலாம். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நம் கை அறியும். உட்பட்டையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டரை விட்டு நிறுத்துகிறோம். அதற்கு மேல் ஆழ்ந்து மரத்தைத் தொட்டால் காயம் உண்டாகிறது. புதுப்பட்டை கரடுமுரடாக வளர்கிறது. இன்று சிறிது பால் கூடலாம். நாளை வெட்டும் இடமே இல்லாமற் போகும். புல்லும் அவ்வாறே. இலையே புல்லின் சமையற்கூடம். வெயிலைக் கொண்டு அது உணவு சமைத்து வேருக்கு அனுப்புகிறது. இலையை முழுதும் வெட்டிவிட்டால், வேர் தன் சேமிப்பைச் செலவழித்துப் புது இலை விடுகிறது. மீண்டும் மீண்டும் அவ்வாறு வெட்டினால் சேமிப்புத் தீர்ந்து, வேர் சுருங்கி, புல் மடிகிறது. வெறுமையான மண்ணில் வெயில் பட்டுக் களை விதைகள் முளைக்கின்றன. "எவ்வளவு வெட்டியும் களைதான் வருகிறது" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். உண்மையில், வெட்டியதனாலேயே களை வருகிறது.

ஆகவே, ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும்: ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. மாட்டுப்புல்லை 5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க விரும்பினால், அது 7.5 சென்டிமீட்டர் வளர்ந்தவுடன் வெட்ட வேண்டும். அறுகம்புல்லை 3 சென்டிமீட்டரில் வைக்க விரும்பினால், 4.5 சென்டிமீட்டரில் வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறையும், வறண்ட காலத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறையும் வெட்டினால் இவ்வளவு கைகூடும். ஊருக்குச் சென்று திரும்பியபோது புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தால், ஒரே நாளில் இறக்கிவிடாமல், சில நாள் இடைவெளி விட்டு, மூன்று நான்கு முறைகளில் இறக்குதல் வேண்டும்.

வெட்டிய துணுக்குகள் சிறியவையாயின் அங்கேயே விட்டுவிடலாம். அவை மக்கிப் புல்லுக்கு ஓராண்டில் தேவைப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் திரும்பத் தருகின்றன. கட்டியாகக் குவிந்தவற்றை மட்டும் வாரி, உரக்குழியில் இடலாம். அவற்றைத் தீயிட்டுக் கொளுத்துதல் கூடாது. 1974 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்த வெளியில் எரிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. மேலும், எரிப்பது நம் காசு.

தோளில் மாட்டும் புல்வெட்டு இயந்திரத்தைப் பயன்படுத்துவோர் காலணியும் கண்ணாடியும் அணிவது கட்டாயம். சுழலும் அலகு பட்டுத் தெறிக்கும் சிறு கல் ஒரு கண்ணை அழிக்க வல்லது. 15 மீட்டர் தொலைவிற்குள் குழந்தைகளோ பிறரோ நிற்றலாகாது. ஈரப் புல்லை வெட்டினால் இலை கிழியும்; காலும் வழுக்கும்.

நீரும் உரமும்

வேரூன்றிய புல்லுக்கு நம் நாட்டில் மழையே பெரும்பாலும் போதுமானது. வறண்ட வாரத்தில் நீர் ஊற்ற வேண்டுமாயின், வாரத்திற்கு 25 மில்லிமீட்டர் அளவு தேவைப்படும். நம் 18 சதுர மீட்டர் முன்றிலுக்கு அது 450 லிட்டர் ஆகிறது. குழாய் நீரை இவ்வளவு செலவிடுதல் எல்லாருக்கும் இயலாது. அது குறித்துக் கவலை வேண்டா. மாட்டுப்புல்லும் அறுகும் வறட்சியில் பழுத்தாலும், வேர் உயிரோடு இருப்பின் முதல் மழையிலேயே பசுமை பெறும். நீர் ஊற்றினால் காலையில், வாரத்திற்கு இரு முறை, மண்ணில் ஆழ இறங்குமாறு ஊற்றுக. மாலைதோறும் மேலாகத் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் பூஞ்சை நோயும் பற்றும்.

உரம் ஆண்டுக்கு இரு முறை போதும். 15:15:15 கலப்பு உரத்தைச் சதுர மீட்டருக்கு 25 கிராம் வீதம், அதாவது 18 சதுர மீட்டருக்கு 450 கிராம், இலை காய்ந்திருக்கும் வேளையில் சீராகத் தூவி, உடனே நீர் ஊற்றுக. ஒரே இடத்தில் கொட்டினால் புல் கருகும். கனத்த மழை வருமுன் தூவினால் உரம் கால்வாய்க்குப் போய்விடும். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒரே நேரத்தில் இடுதல் கூடாது. தழைச்சத்து ஆவியாகி வீணாகும். இரண்டிற்கும் இடையே சில வாரங்கள் கழியட்டும்.

மிதிபட்டு இறுகிய இடங்களில், முள்கரண்டியால் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, மணலும் மக்கிய உரமும் கலந்து தூவுக. இதனால் நீரும் காற்றும் வேருக்கு எட்டும்.

களைகளும் நஞ்சும்

நம் முன்றிலில் தோன்றும் களைகளை நாம் பெயர் சொல்லியே அறிவோம். தொட்டாற்சிணுங்கியைப் பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணில் தங்கி மீண்டும் முளைக்கும். மழைக்குப் பின் மண் இளகிய வேளையில் சிறு கரண்டியால் கிழங்கோடு தோண்டுக. லாலானின் வெண்ணிற அடித்தண்டு துண்டு துண்டாக முளைக்கும் தன்மையது. ஒரு துண்டும் விடலாகாது. நெருங்கி வளர்ந்த புல்லே களைக்குச் சிறந்த மருந்து என்பதை மறத்தலாகாது.

களைக்கொல்லியைப் பற்றி ஒரு சொல். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் வேலையை நம் பெண்கள் பல்லாண்டுகள் செய்து வந்துள்ளனர். அதன் கொடுமையை அவர்களே அறிவர். பராகுவாட் என்னும் கடும் நஞ்சு 2020 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் இருந்தால் அதனைத் திறக்கவோ கால்வாயில் கொட்டவோ கூடாது. ஒப்படைக்கும் வழியை விவசாயத் துறை அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். மற்றக் களைக்கொல்லிகளுள் பல, களையோடு புல்லையும் சேர்த்தே அழிப்பவை. குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடி விளையாடும் 18 சதுர மீட்டர் நிலத்திற்கு நஞ்சு எதற்கு? கைக்கரண்டி போதும். எக்காரணம் கொண்டும் களைக்கொல்லியைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைத்தலாகாது. தாகத்தில் எடுத்துக் குடித்த பிள்ளையை மீட்கும் மருந்து, பராகுவாட்டைப் பொறுத்தவரை, இல்லை.

கொசுவுக்கு இடங்கொடேல்

வளர்ந்து மண்டிய புல்லில் பாம்பும் எலியும் தங்கும் என்பதை அறிவோம். அதனினும் பெரிய கேடு, புல் மறைத்து வைக்கும் பொருள்கள். பால் டின், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த பால் மங்கு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே ஆகின்றன. எனவே, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை புல் வெட்டும் வீட்டார், அப்பொருள்களையும் வாரம் ஒருமுறை கண்டு அகற்றிவிடுகின்றனர். கொசு பிறக்குமுன் அதன் இடம் அழிகிறது. வாரத்தில் 10 நிமிடம் இதற்கென ஒதுக்குமாறு சுகாதார அமைச்சு வலியுறுத்துகிறது. கொசு வளர இடமளிப்பது 1975 ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். பயன்படாத மங்குகளைக் கவிழ்த்து, கூரையின் கீழ் அடுக்கி வைப்பது நம் பழக்கமாகட்டும்.

ஓராண்டு அட்டவணை

மேற்குக் கரையில் வாழ்வோர் பின்வருமாறு செய்யலாம்.

சனவரி முதல் மார்ச் வரை: மழை குறைவு. புல்லைச் சற்று உயரமாக விடுக. உரம் வேண்டா.

ஏப்ரல், மே: முதல் உரம். புதிய பத்தை நடுதல். வாரந்தோறும் வெட்டுதல்.

சூன் முதல் ஆகஸ்டு வரை: களை எடுத்தல், கருவிகளைத் தீட்டுதல், இறுகிய மண்ணில் துளையிடுதல்.

செப்டம்பர்: இரண்டாம் உரம். கால்வாயைத் தூர் எடுத்தல்.

அக்டோபர், நவம்பர்: வாரந்தோறும் வெட்டுதல். நீர் தேங்கும் பள்ளங்களைக் கண்டு குறித்து வைத்தல்.

டிசம்பர்: குறித்து வைத்த பள்ளங்களை மணலும் மண்ணும் கலந்து, ஒரு முறைக்கு 1 சென்டிமீட்டர் கனத்திற்கு மிகாமல், இலை நுனி மூடப்படாதவாறு நிரப்புதல்.

நினைவில் கொள்வோம்

மண்ணை மூடி வைப்பதே வீட்டைக் காப்பது. மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற புல்லையே நடுதல் வேண்டும். ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. உரம் ஆண்டுக்கு இரு முறை. நஞ்சு வேண்டா, தேங்கிய நீரும் வேண்டா.

முதல் வீட்டாரை நாம் சில காலம் கழித்து மீண்டும் கண்டோம். பாதி முற்றத்தில் மாட்டுப்புல் பதித்திருந்தனர். மீதியைப் பெருக்கும் பழக்கம் அந்த வீட்டு அம்மையாரை இன்னும் விடவில்லை. "அதுவும் மெல்ல மூடிக்கொள்ளும்" என்று சொல்லிச் சிரித்தார். வாசற்படியின் கீழிருந்த பள்ளம் நிரப்பப்பட்டு, அதன்மேல் புல் படரத் தொடங்கியிருந்தது. வாசலில் புல் முளைத்த அவ்வீட்டில் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வரும் மழைப் பருவத்தில் நாமும் பத்துப் பத்தைகளையேனும் பதித்துத் தொடங்குவோமாக.